தார் ரோடும் மண் பாதையும் ஓட்ட சைக்கிள் வாங்குகிறீர்களா? முதலில் டயரைப் பாருங்கள்

சைக்கிள் தேடும்போது எல்லாரும் கியர் எத்தனை, எடை எவ்வளவு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தார் ரோட்டிலும் ஓட்டி, சரளையிலும் மண்ணிலும் இறங்கப் போகிறீர்கள் என்றால் முதல் கேள்வி வேறு: இந்த ஃபிரேமில் எவ்வளவு அகலமான டயர் போகும்? சீட், ஹேண்டில்பார், கியர் எல்லாவற்றையும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமிலும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் டயருக்கு விட்ட இடம் விட்டதுதான்.

தாரும் மண்ணும் பாதிக்குப் பாதி என்றால் 40 மி.மீ. டயராவது போக வேண்டும், 45 போனால் இன்னும் நிம்மதி. வாங்கும் முன் 6 மி.மீ. ஆலன் கீயைப் பின்டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் நுழைத்துப் பாருங்கள், உரசாமல் போனால் சரி. இடம் இறுக்கமாக இருந்தால் ஈரமண் அப்பிக்கொண்டு சக்கரமே நின்றுவிடும்.

டயருக்கு இவ்வளவு இடம் சரளைப் பாதைக்கென்றே வரும் கிராவல் பைக்கில் இருக்கும், ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த ஹைப்ரிட்கள் பலவற்றிலும் இருக்கும். கல்லும் வேரும்தான் அதிகம் என்றால் எம்டிபி, அதாவது மலை சைக்கிள். விலை குறைந்த சைக்கிள்களில் வரும், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எடைதான் கூடும். அதற்குச் சாதாரண ஃபோர்க்கும் அகல டயரும் எவ்வளவோ மேல். டிஸ்க் பிரேக் இருக்கட்டும். கியரில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்கள், முன்னால் இருக்கும் சின்னதின் பற்களைவிடக் குறையக் கூடாது. சரளை மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தே ஏற அந்த லேசான கியர் வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல் எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மி.மீ.யில். 700சி, 29 இன்ச் இரண்டுமே 622தான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நடுவில் வழுவழுப்பாகவோ நெருக்கமான சின்ன ரப்பர் கட்டைகளோடோ, ஓரத்தில் பெரிய கட்டைகளோடு வருகிற டயர் இரண்டு பாதைக்கும் ஒத்துவரும். நடுவிலும் பெரிய கட்டை இருந்தால் தாரில் 'உர்ர்'ரென்று இரைச்சலோடு இழுக்கும், சீக்கிரமும் தேயும்.

காற்றில்தான் பாதி விஷயம் இருக்கிறது. டயரில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச அளவு வரை அடித்தால் ஒவ்வொரு கல்லும் உங்களைத் தூக்கிப் போடும், பிடிமானமும் போகும். 70 கிலோ ஆள், 40 மி.மீ. டயர், உள்ளே டியூப் என்றால் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சுற்றி ஆரம்பித்து, பின்னால் இரண்டு மூன்று கூடுதலாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறலாகப் பஞ்சர் ஆனால் ரொம்பக் குறைத்துவிட்டீர்கள், ரிம் கல்லில் இடித்திருக்கிறது. டியூப்லெஸ்ஸில் நசுங்க டியூபே இல்லாததால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், முள் பஞ்சரை உள்ளே ஊற்றிய சீலன்ட் என்ற திரவமே அடைத்துவிடும். ஆனால் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், பார்த்து ஊற்ற வேண்டும், டயர் பெரிதாகக் கிழிந்தால் போட ஒரு டியூபும் பையில் இருக்க வேண்டும்.