வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றை ஆய்வு செய்வது எப்படி?

தூதரக உறவுகள் குறித்த 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவின்படி, தூதரகத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல், தூதரகம் அமைந்துள்ள நாட்டின் அதிகாரிகள் எவரும் தூதரக வளாகத்துக்குள் நுழைய முடியாது. 24ஆம் பிரிவு அதன் ஆவணங்களுக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. உள்ளூர் காவல்துறையோ, தொழிலாளர் துறையோ, தீயணைப்புத் துறையோ தாமாக வந்து சோதிக்காத ஓர் அலுவலகத்தைச் சோதிக்கும் பொறுப்பு அதை அனுப்பிய அரசிடம் மட்டுமே இருக்கிறது. அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு வெளியுறவுப் பணிச் சட்டம், ஒவ்வொரு தூதரகமும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்யப்பட வேண்டும் என்று விதித்தது இந்தக் காரணத்தால் பொருத்தமானதே. அந்தக் காலவரம்பிலிருந்து நாடாளுமன்றமே விலக்கு அளித்து வந்திருப்பது, இவ்வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது. பணம் விதிப்படி செலவானதா என்று கேட்பது தணிக்கை. ஆய்வு அதையும் கேட்டு, தூதரகம் எதற்காக அங்கே இருக்கிறதோ அந்த வேலை நடக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஆய்வு வெளியுறவு அமைச்சகத்தின் தலைமையகத்திலேயே தொடங்குகிறது. முந்தைய ஆய்வறிக்கை, பணியிடப் பட்டியல், செலவுக் கணக்கு, தூதரகம் அனுப்பிய அரசியல், பொருளாதார அறிக்கைகள் ஆகியவற்றைப் படித்த பின், அந்த அறிக்கைகளைப் பெறுகிறவர்களிடம் அவை எந்த முடிவுக்கு உதவின என்று கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை அறிக்கைகள் வந்தன என்ற எண்ணிக்கையால் பயன் இல்லை. கூடவே, உள்ளூர்ப் பணியாளர் உட்பட அனைவருக்கும் இரகசியக் கேள்வித்தாள் அனுப்பப்பட வேண்டும். பதில்கள் தூதரக நிர்வாகப் பிரிவின் கைக்குப் போகாமல் நேரடியாக ஆய்வுக் குழுவுக்கு வர வேண்டும். இந்த ஒரு நிபந்தனை தவறினால் கேள்வித்தாளே வீண்.

சென்று சேர்ந்ததும் தூதரகத் தலைவரையும் அவருக்கு அடுத்த நிலை அதிகாரியையும் தனித்தனியே சந்திப்பது முறை. தூதரகத்தின் முதன்மையான இலக்குகள் எவை என்று இருவரிடமும் கேட்டு, பிறகு அதே கேள்வியைப் பிரிவுத் தலைவர்களிடமும் கேளுங்கள். விடைகள் வேறுபட்டால் தலைமையின் குறை எங்கே என்பது அப்போதே தெரியத் தொடங்கும். ஆனால் முதல் நாட்கள் முழுவதையும் தலைவரின் அறையில் கழித்துவிடக் கூடாது.

ஏனெனில் தூதரகத்தின் நினைவாற்றல் அந்த அறையில் இல்லை. அனுப்பப்பட்ட அதிகாரிகள் சில ஆண்டுகளில் மாறிவிடுகிறார்கள். கணக்கு, கொள்முதல், விசா, வாகனம், மொழிபெயர்ப்பு ஆகிய வேலைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் உள்ளூர்ப் பணியாளர்கள் தங்கிவிடுகிறார்கள். எந்த ஒப்பந்ததாரர் எப்போது வந்தார், எந்த நடைமுறை யாருடைய காலத்தில் கைவிடப்பட்டது, எந்தப் புகார் மேலே போகாமல் நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அதே நேரத்தில் அதிகாரிகளுக்கு இருக்கும் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவர், அவர்கள் யாரைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமோ அவராகவே இருக்கலாம். ஆகவே மேலதிகாரி இல்லாத இடத்தில், ஒவ்வொருவராக, அவர்களுக்கு இயல்பான மொழியில் பேசுங்கள். அவர் சொன்னதை அறிக்கையில் எழுதும்போது, சொன்னவர் யார் என்று ஊகிக்க இடம் தராதபடி, ஆவணம் ஒன்றின் மூலமாகவே நிறுவுங்கள். அவர்களுடைய ஊதியம், விடுப்பு, சமூகப் பாதுகாப்புச் செலுத்தல் ஆகியவை உள்ளூர்ச் சட்டத்துக்கு ஏற்ப உள்ளனவா என்பதையும் பாருங்கள். தூதரக அதிகாரிகள் தம் வீட்டில் உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைத்தால், அந்நாட்டின் சட்டம் முதலாளிகளுக்கு விதிக்கும் சமூகப் பாதுகாப்புக் கடமைகளுக்கு அந்த அதிகாரிகள் உட்பட்டவர்கள் என்று உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் கேட்காமல் விடும் ஆய்வை முழுமையானது என்று நான் கருதமாட்டேன்.

அடுத்துக் கூடுதல் நேரம் தர வேண்டியது கடவுச்சீட்டு, விசா பிரிவு. பொதுமக்கள் தூதரகத்தைச் சந்திக்கும் இடம் அதுதான். முறைகேட்டுக்கான ஆசை அதிகமுள்ள இடமும் அதுதான். விண்ணப்பதாரர்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்து, காத்திருக்கும் நேரத்தையும் பேசப்படும் தொனியையும் கவனியுங்கள். வெற்றுக் கடவுச்சீட்டுகளையும் விசா ஒட்டுவில்லைகளையும் வரிசை எண்படி எண்ணி, பழுதானவை உட்பட ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் கணக்கு இருக்கிறதா என்று சரிபாருங்கள். கட்டணமாக வந்த தொகை அன்றன்றே ரசீதுகளோடு ஒப்பிடப்படுகிறதா என்பதும், ஓர் அதிகாரி எடுத்த விசா முடிவுகளை இன்னொருவர் மாதிரிக்கு எடுத்து மறுபரிசீலனை செய்கிறாரா என்பதும் முக்கியம். செல்வாக்குள்ளவர்களின் பரிந்துரையால் வந்த விண்ணப்பங்கள் எழுத்தில் பதிவாகாமல் வாய்மொழியாக நகர்ந்திருந்தால், அதை முதன்மையான கண்டறிதலாக எழுதுங்கள். தன் நாட்டவர் கைதாகும்போது, அவர் கேட்டுக்கொண்டால் தகவல் பெறவும் அவரைச் சந்திக்கவும், துணைத் தூதரக உறவுகள் குறித்த 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தூதரகத்துக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை எவ்வளவு விரைவாகப் பயன்படுத்தப்பட்டது என்பதைச் சிறைச் சந்திப்புப் பதிவேட்டின் தேதிகள் சொல்லிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, காசாளரின் ரொக்க இருப்பை முன்னறிவிப்பின்றி எண்ணுங்கள். தூதரகமே அவ்வாறு எண்ணி வருகிறதா என்றும் பாருங்கள். பொருள் வேண்டும் என்று கேட்பவர், வாங்குபவர், பெற்றுக்கொள்பவர், பணம் தருபவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும்; சிறிய தூதரகத்தில் அது இயலாதபோது, தலைவரோ துணைத் தலைவரோ இடையில் சரிபார்த்ததற்குக் கையெழுத்து இருக்க வேண்டும். வாகனப் பதிவேட்டின் தூரமும் எரிபொருள் ரசீதும், இருப்புப் பதிவேடும் கிடங்கும் ஒத்துப்போகின்றனவா என்பதை மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும்.

பாதுகாப்பில் தூதரகத்தின் பக்கத்தை மட்டும் பார்ப்பது பெரும் பிழை. 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியில் அமெரிக்கத் தூதரகம் குண்டுவெடிப்புக்கு உள்ளாகி 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கட்டடம் பாதுகாப்பற்றது என்று தூதர் புருடென்ஸ் புஷ்னெல் அதற்கு முன்பே தலைமையகத்துக்கு எழுதியிருந்தார். எனவே அவசரகால வெளியேற்றத் திட்டம், தீப் பயிற்சி, பெட்டகக் குறியீட்டு எண்களின் மாற்றம் ஆகியவற்றோடு, தூதரகம் கேட்டுத் தலைமையகம் பதில் தராத கடிதங்களின் கோப்பையும் வரவழைத்துப் படியுங்கள்.

புறப்படுவதற்கு முன் வரைவைத் தலைவருடன் விவாதித்து, தகவல் பிழைகளைத் திருத்த வாய்ப்புக் கொடுங்கள்; முடிவுகளைப் பேரம் பேச இடம் தராதீர்கள். ஒவ்வொரு கண்டறிதலிலும் நிலைமை, அது மீறும் விதி, காரணம், விளைவு ஆகிய நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். காரணம் தலைமையகத்தில் இருந்தால் பரிந்துரையும் தலைமையகத்தின் பெயருக்கே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொறுப்பான அலுவலகத்தையும் கெடுவையும் குறிப்பிடுங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலை ஏற்காமல், திருத்திய பதிவேட்டின் நகலோ புதிய நடைமுறை ஆணையோ கையில் வந்த பிறகே அந்தப் பரிந்துரையை முடித்து வையுங்கள்.