குரூப் 4 தேர்வுக்குப் படிக்க எந்தச் செயலி? குறிப்புக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று

போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் சில வாரங்களைச் செயலி தேடுவதிலேயே கழித்துவிடுகிறார்கள். ஒரு காணொளியைப் பார்த்து ஒன்றை நிறுவுவது, அடுத்த காணொளியைப் பார்த்து அதை நீக்கிவிட்டு வேறொன்றுக்கு மாறுவது, இடையில் குறிப்புகளுக்கு வண்ணம் தீட்டுவது என்று பொழுது போகிறது. பாடம் மட்டும் அப்படியே கிடக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும், கையில் ஆண்ட்ராய்டு கைபேசி மட்டும் வைத்திருக்கும் ஒருவரை நினைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். செயலி வேலையை இன்று மாலையே முடித்துவிட்டு, நாளைக் காலையில் புத்தகத்தைத் திறந்துவிடலாம்.

முதலில் தேர்வைப் பார்ப்போம். மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். எல்லாமே கொள்குறி வினாக்கள். அவற்றில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதித் தேர்வுப் பகுதி, 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கட்டுரை எழுதும் வேலை கிடையாது. பெயர், ஆண்டு, நூல், சட்டப் பிரிவு, இலக்கணக் குறிப்பு ஆகியவற்றைக் குழப்பமில்லாமல் நினைவிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். செயலி தேடும்போது இதை மறக்கக் கூடாது.

படி 1: இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

குறிப்புச் செயலி என்பது படித்ததைப் போட்டு வைக்கும் இடம். அட்டைச் செயலி, போட்டு வைத்ததை உங்களிடம் திரும்பக் கேட்கும் இடம். ஒரு பக்கத்தில் கேள்வி, மறுபக்கத்தில் விடை. விடையை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

இந்தக் "கேட்டுப் பார்ப்பது" ஏன் முக்கியம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். குரூப் 4 தேர்வு படித்த ஐந்தாவது நிமிடத்தில் நடப்பதில்லை. எனவே நேரம் குறைவாக இருந்தால் குறிப்புச் செயலியைச் சுருக்குங்கள், அட்டையை விடாதீர்கள்.

படி 2: குறிப்புச் செயலிக்கு மூன்று சோதனைகள்

எந்தச் செயலியை யார் பரிந்துரைத்தாலும் அதில் ஒரே ஒரு குறிப்பை எழுதி, இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

ஒன்று, கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டுக் குறிப்பைத் திறந்து பாருங்கள். பஸ்ஸில் போகும்போது இணையம் அறுந்தால் குறிப்பும் அறுந்துபோகக் கூடாது.

இரண்டு, தமிழில் தேடிப் பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "வேலூரில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்" என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். "வேலூர்" என்று தேடினால் பல செயலிகள் அதைக் காட்டாது. கணினிக்கு "வேலூர்" என்பதன் கடைசியில் புள்ளி இருக்கிறது. "வேலூரில்" என்பதில் அந்தப் புள்ளி போய் இகரக் கொக்கி வந்துவிடுகிறது. இரண்டும் பொருந்துவதில்லை. "வேலூ" என்று நிறுத்தித் தேடுங்கள், கிடைத்துவிடும். மெய்யெழுத்தில் முடிந்து வேற்றுமை உருபு ஒட்டும் சொற்களுக்கு இதே வழிதான்: கடைசி மெய்யெழுத்தை விட்டுவிட்டுத் தேட வேண்டும். "வேலூ" என்று தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தச் செயலி தமிழுக்கு உதவாது.

மூன்று, குறிப்பை வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கோப்பாகவோ வெறும் எழுத்தாகவோ எடுக்க வழி இல்லாத செயலியில் ஓராண்டு உழைப்பை அடைத்து வைப்பது வீண் துணிச்சல்.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு கூகுள் கீப் போதும். இலவசம், இலகுவானது, இணையம் இல்லாமலும் எழுதலாம். கோப்புறை வசதி இல்லை, லேபிள் மட்டும்தான். ஒரு குறிப்பு மிக நீளமாகவும் போக முடியாது. அந்தக் குறை நமக்கு நன்மையே, பாடப் புத்தகத்தை முழுதாகப் பார்த்தெழுதும் ஆசையை அது தடுக்கிறது. டேப்லெட்டும் எழுதுகோலும் இருப்பவர் கையால் எழுத ஒன்நோட் வைத்துக்கொள்ளலாம். குறிப்புகள் எல்லாம் தன் கைபேசியிலேயே எழுத்துக் கோப்புகளாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு ஆப்சிடியன் உண்டு. பழகக் கொஞ்சம் நாளாகும். நோஷன் அழகானது. அந்த அழகே ஆபத்து: அட்டவணை அமைப்பதும் முகப்புப் படம் மாற்றுவதும் படிப்பைப் போலவே தோன்றத் தொடங்கிவிடும்.

கீப்பில் செய்ய வேண்டியது சிறிது. தமிழ், வரலாறு, ஆட்சியியல், அறிவியல், நடப்பு நிகழ்வுகள் என ஐந்தாறு லேபிள்கள் போதும். குறிப்பின் தலைப்பில் வகுப்பையும் பாடத்தையும் எழுதுங்கள்: "10 சமூக அறிவியல், இந்திய அரசியலமைப்பு" என்பதுபோல. ஒரு பாடத்துக்கு ஒரு திரை அளவுக்கு மேல் எழுத வேண்டாம்.

தட்டச்சு செய்ய அலுப்பாக இருந்தால் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது, ஆனால் ல, ள, ழ வரும் இடங்களையும் ன, ண வரும் இடங்களையும் கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும். மயங்கொலிப் பிழையைக் கேட்கும் தேர்வுக்கு மயங்கொலிப் பிழையோடு குறிப்பு எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பி.டி.எஃப். கோப்புகளிலிருந்து நகல் எடுக்கும்போதும் கவனம் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தவை ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். அப்படிப்பட்ட பக்கத்தைப் படம் பிடித்து, கூகுள் லென்ஸ் மூலம் எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: அட்டைச் செயலி

இதில் என் முடிவு தெளிவானது: ஆன்கி. 2006ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. திறந்த மூல மென்பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் ஆன்கிட்ராய்டு. பிளே ஸ்டோரில் ஆன்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வேறு செயலிகளும் இருக்கின்றன, ஆகவே "ஆன்கிட்ராய்டு" என்ற பெயரைச் சரிபார்த்து நிறுவுங்கள். ஐபோனுக்கான அதிகாரப்பூர்வச் செயலிக்குக் கட்டணம் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர் ஆன்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து இலவசமாகவே திருப்புதல் செய்யலாம். குவிஸ்லெட் பழகுவதற்கு எளிது, நண்பர்களோடு விளையாட்டுப் போலப் படிக்கவும் ஏற்றது. ஆனால் இலவசமாகப் பயன்படுத்தினால் விளம்பரங்கள் வரும், சில வசதிகளுக்குப் பணமும் கேட்கும்.

ஆன்கியின் பலம் அதன் நாள்கணக்கு. தெரிந்த அட்டையைத் தள்ளித் தள்ளிக் காட்டும்: நாளை, பிறகு சில நாள், பிறகு சில வாரம், பிறகு சில மாதம். தெரியாததை உடனே திருப்பிக் கொண்டுவரும். இந்த இடைவெளியை நீங்கள் நோட்டில் எழுதிக் கணக்கிட வேண்டியதில்லை.

நிறுவியதும் அட்டைகளைப் போட்டு வைக்க இரண்டே தொகுப்புகள் தொடங்குங்கள்: தமிழ், பொது அறிவு. பாடத்துக்கொரு தொகுப்பு என்று முப்பது வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் திறந்து மூடுவதே ஒரு வேலையாகிவிடும். பாடப் பிரிவுக்கு டேக், அதாவது அட்டையில் ஒட்டும் அடையாளச் சொல், போதும். பிறகு ஆன்கிவெப்பில் ஓர் இலவசக் கணக்கு தொடங்கி ஒத்திசைத்துவிடுங்கள். கைபேசி தொலைந்தாலும் அட்டைகள் தொலையாது.

படி 4: அட்டை எழுதுவது

செயலி எதுவானாலும் அட்டை மோசமாக இருந்தால் பயனில்லை. பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர் பெரும்பாலும் எழுதும் அட்டை இப்படி இருக்கும். முன்பக்கம்: "73வது அரசியலமைப்புத் திருத்தம்." பின்பக்கம்: பத்து வரி. இந்த அட்டை வரும்போது ஆறு செய்தி நினைவுக்கு வரும், நான்கு வராது. தெரியும் என்று அழுத்துவதா, தெரியாது என்று அழுத்துவதா? அதையே உடைத்து எழுதினால் இப்படி வரும்:

73வது திருத்தம் எந்த ஆண்டைச் சேர்ந்தது? 1992.
73வது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள்? 1993 ஏப்ரல் 24.
ஊராட்சிகளுக்குரிய அட்டவணை எது? 11வது.
11வது அட்டவணையில் எத்தனை இனங்கள்? 29.
நகராட்சிகளுக்காக வந்த திருத்தம் எது? 74வது.
12வது அட்டவணையில் எத்தனை இனங்கள்? 18.

ஒரு கேள்விக்கு ஒரே விடை. கடைசி மூன்றைக் கவனியுங்கள். 29, 18 இரண்டும் தேர்வு அறையில் இடம் மாறிக்கொள்ளும் எண்கள். குழப்பம் தரும் இணைகளை வேண்டுமென்றே எதிரெதிராக அட்டையாக்குங்கள். கொள்குறி வினாவில் தவறான விடைகளாகக் கொடுக்கப்படுபவை பெரும்பாலும் இந்த இணைகள்தான்.

பட்டியலை மனப்பாடம் செய்ய ஆன்கியில் குளோஸ் என்ற அட்டை வகை உண்டு. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மறைத்துக் கேட்கும். எட்டுத்தொகை நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். "நற்றிணை நல்ல குறுந்தொகை ஐங்குறுநூறு" என்று தொடங்கும் பழைய வெண்பா நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே குளோஸ் அட்டையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு நூற்பெயராகத் தேர்ந்தெடுத்துக் கருவிப்பட்டையில் உள்ள குளோஸ் குறியைத் தொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வெண்பாவிலிருந்து எட்டு அட்டைகள் கிடைத்துவிடும்.

ஆனால் வெண்பா ஓசையிலேயே விடை வந்துவிடுவதால் அதோடு நிறுத்தக் கூடாது. எட்டுத்தொகையில் அகமும் புறமும் கலந்த நூல் எது? பரிபாடல். சேர மன்னர்களைப் பாடுவது எது? பதிற்றுப்பத்து. இப்படி நூலின் உள்ளே நுழையும் கேள்விகளையும் சேருங்கள். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" பாடியவர் யார் என்பதற்கும், கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்றுப் பாடல் எந்த அடியில் தொடங்குகிறது என்பதற்கும் தனித்தனி அட்டை வேண்டும். இருபுறமும் கேட்கும் அட்டை வகையைத் தேர்ந்தெடுத்தால் செயலியே இரண்டையும் உருவாக்கித் தரும்.

நடப்பு நிகழ்வுகளுக்கு மாதத்தின் பெயரில் டேக் போடுங்கள். தேர்வு முடிந்ததும் அந்த மாதத்து அட்டைகளை ஒரே அடியாக நிறுத்திவைக்க அது உதவும். திறனறிவுக் கணக்குக்கு அட்டை வேண்டாம். தனிவட்டி, கூட்டுவட்டிச் சூத்திரங்களை வேண்டுமானால் போடலாம். கணக்கைத் தாளில் போட்டுத்தான் பழக வேண்டும்.

பிறர் செய்த ஆயிரக்கணக்கான அட்டைகளைக் குழுக்களில் பகிர்வார்கள். வேண்டாம் என்பேன். நீங்கள் படிக்காத பாடத்தின் அட்டை வெறும் புதிராகத்தான் வந்து நிற்கும், அதில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்து மனப்பாடமாகும்.

படி 5: அன்றாடம்

விடையைப் பார்த்ததும் நான்கு பொத்தான்கள் வரும்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. மறந்துவிட்டால் அகெய்ன், நினைவுக்கு வந்தால் குட். ஆரம்பத்தில் இந்த இரண்டே போதும். ஹார்ட் என்பது "கஷ்டப்பட்டாலும் நினைவுக்கு வந்தது" என்று பொருள்படும் பொத்தான். மறந்த அட்டைக்கு மனசு கேட்காமல் ஹார்ட் அழுத்தினால், தெரிந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு செயலி அதைத் தள்ளிப்போட்டுவிடும்.

நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்பது ஆன்கியின் இயல்பான அமைப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் அதைப் பத்தாகக் குறைத்துவிடுங்கள். புதிய அட்டைகள் நாளைக்கு இருபதுதான் என்றாலும், பழைய அட்டைகளின் திருப்புதல் சில வாரங்களில் நூறைத் தாண்டும். அந்தக் குவியலைப் பார்த்துத்தான் பலர் செயலியை மூடுகிறார்கள். நாலு நாள் விட்டுப்போனால், புதிய அட்டையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள்.

மற்ற அமைப்புகளில் கைவைக்க வேண்டாம், ஒன்றைத் தவிர. 2023 இறுதியிலிருந்து ஆன்கியில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய நாள்கணக்கு முறை இருக்கிறது. தொகுப்பின் அமைப்புகளில் அதை இயக்கிவிட்டு, திருப்பும்போது எத்தனை விழுக்காடு அட்டைகள் நினைவில் இருக்க வேண்டும் என்ற இலக்கு 90 என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாடங்களிலிருந்து புதிய அட்டை எழுதுவதை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு புதிதாக எழுதும் அட்டை, முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்ததில் தவறவிட்ட கேள்விகளிலிருந்து மட்டும் வரட்டும். அவற்றுக்குத் "தவறியவை" என்று ஒரு டேக் கொடுத்துவிட்டால், கடைசி வாரத்தில் அந்த டேக்கை மட்டும் வடிகட்டித் தனியாகத் திருப்பலாம்.