மரத்து ஓணானைப் பார்த்ததும் ‘புது இனம்’ என்று குதிக்காதீர்கள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் நண்பன் ஒருவன் விடியற்காலையில் ஒரு படம் அனுப்பினான். கூடவே குரல் பதிவு: “மக்கா, இது புது இனமாக்கும்!” பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும் ஓணான், தொண்டைக்குக் கீழே எலுமிச்சை மஞ்சளில் ஒரு தாடி. பறக்கும் ஓணான்தான். 1837-லேயே பெயர் வைத்தாயிற்று. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படிக் குதித்தவன்தான்.

எல்லோரும் முதலில் ஏமாறுவது நிறத்தில். வேலியில் ஓடுகிற சாதா ஓணானே இணைசேரும் பருவத்தில் தலை சிவந்து நிற்கும். பெண்ணும் குஞ்சும் வேறு சாயல். பார்க்க வேண்டியது செதிலை. முதுகுச் செதிலின் நுனி மேலே பார்க்கிறதா, கீழேயா? உடலின் நடுவில் ஒரு சுற்றுக்கு எத்தனை? லென்ஸ் வைத்து எண்ண வேண்டும், அதுவும் ஒரே ஒரு ஓணானை வைத்து அல்ல. பல்லி என்றால் வாலைக் கவனியுங்கள். அறுந்து முளைத்த வாலில் செதிலமைப்பே மாறிவிடும்.

இதைவிடப் பெரிய சறுக்கல், பழைய பெயர்களைத் தேடாமல் விடுவது. நமக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் வரை நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டிலேயே இல்லை, திருவிதாங்கூரோடு இருந்தது. பெட்டோம் போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டில் தெற்கு மலைகளில் சேகரித்தவை லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஏடுகளில் நம் மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடினால் என்ன சிக்கும்? ‘திருவிதாங்கூர்’ என்று தேட வேண்டும். சாதா ஓணானையே பாருங்கள். 1802-இல் பெயர் பெற்றது. 2021-இல் மரபணுவை வைத்துப் பார்த்தபோது அது ஒரே இனம் இல்லை என்று தெரிந்தது. வடக்கே இருப்பதற்குப் புதுப் பெயர் வைத்தார்களா? இல்லை, 1825-இல் வைத்துக் கிடப்பில் போட்ட பெயரையே தூசி தட்டி எடுத்தார்கள்.

சரி, உண்மையிலேயே புதிதுதான் என்று வைத்துக்கொள்வோம். வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது. கீரிப்பாறை, பேச்சிப்பாறைக் காடுகளில் கண்டிப்பாகக் கூடாது. அனுமதியோடு போகிறவர்களும் வரிசையில் கோட்டை விடுவதுண்டு: ஃபார்மலினில் போட்ட பிறகு மரபணுவுக்கு ஈரல் துண்டு எடுப்பார்கள். அதற்குள் மரபணு சிதைந்திருக்கும். முதலில் உயிரோடு இருக்கும்போதே படம், ஏனென்றால் திரவத்தில் நிறம் போய்விடும், அடுத்து ஈரல் துண்டு சுத்த எத்தனாலில், அப்புறம்தான் ஃபார்மலின். மாதிரியை வீட்டு அலமாரியிலும் வைக்க முடியாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அறிவியல் பெயரில் ஒரு சின்ன விஷயம். ஆணின் நினைவாக வைத்தால் பெரும்பாலும் ‘ஐ’ (-i), பெண் என்றால் ‘ஏ’ (-ae) என்று முடியும். 2019-இல் திராவிடப் பல்லிகள் (Dravidogecko) என்ற பேரினத்தில் ஆறு புது இனங்களை விவரித்தார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாளுக்காக வைத்தது ‘ஜானகியே’. இன்னொன்று ‘தொல்பல்லி’, நம் தமிழேதான். இணைய இதழில் மட்டும் வெளியிடுகிறவர்கள் விலங்குப் பெயர்களுக்கான உலகப் பதிவேடான சூபேங்கில் (ZooBank) முன்கூட்டியே பதிய மறந்தால் பெயர் செல்லாது.

நண்பன் இப்போது பால் சிரட்டையும் படத்தில் விழும்படி எடுக்கிறான், அளவு தெரிய. முதுகுச் செதில்தான் இன்னும் மங்கல்.