பழைய பக்கத்தில் டிஐஆர் பட்டியலா? மாற்றுவது இப்படி

வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் உள்ள பழைய கோப்பைத் திறந்தால், புள்ளிப் பட்டியலுக்கான யுஎல் (ul) இருக்க வேண்டிய இடத்தில் சில சமயம் டிஐஆர் (dir) என்ற டேக், அதாவது கோண அடைப்புக்குறிக்குள் வரும் குறி, உட்கார்ந்திருக்கும். டைரக்டரி என்பதன் சுருக்கம் அது. 1995-இல் வந்த எச்டிஎம்எல் 2.0-இல், 20 எழுத்துக்குள் அடங்கும் குட்டிப் பெயர்களை 24 எழுத்து அகலப் பத்திகளாக அடுக்கலாம் என்று வைத்தார்கள். நடைமுறையில் பிரவுசர்கள் அதை யுஎல் மாதிரியே புள்ளிப் பட்டியலாகக் காட்டின, இன்றும் காட்டுகின்றன, அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. எச்டிஎம்எல் 4 வந்தபோதே 'இதை விட்டுவிட்டு யுஎல் போடுங்கள்' என்றாகிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எடிட்டரில் தேடுங்கள், ஆனால் வெறும் மூன்றெழுத்தைத் தேடி 'எல்லாவற்றையும் மாற்று' என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள். அதே பெயரில் ஓர் ஆட்ரிபியூட்டும் (டேக்குக்குள் எழுதும் கூடுதல் குறிப்பு) இருக்கிறது. உருது, அரபி போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு எழுத்தின் திசையைச் சொல்வது, இன்றும் செல்லுபடியாவது. அவசரத்தில் அதையும் சேர்த்து மாற்றி, ஓர் உருதுப் பக்கம் முழுக்க இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்து முழித்திருக்கிறேன்.

ஆகவே கோண அடைப்புக்குறியையும் சேர்த்தே தேடுங்கள்: ஒரு முறை தொடக்க டேக், இன்னொரு முறை சாய்கோடு உள்ள முடிவு டேக். பழைய ஆட்கள் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், அதையும் விடாதீர்கள். இரண்டையும் யுஎல் ஆக்கினால் போதும், உள்ளே பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்கும் இருக்கும் எல்ஐ (li) வரிகளைத் தொட வேண்டாம். டேக்கில் காம்பாக்ட் (compact) என்று ஒட்டியிருந்தால் அழித்துவிடுங்கள்.

அடுத்து, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு. அங்கே பழைய டேக் பெயருக்கு அலங்காரம் எழுதியிருந்தால், அந்தப் பெயரையும் மாற்றாவிட்டால் பட்டியல் மொட்டையாக நிற்கும். அந்த 24 எழுத்துப் பத்தி நிஜமாகவே வேண்டுமா? பட்டியலுக்கு ஒரு கிளாஸ் (சிஎஸ்எஸ் அடையாளம் காணும் பெயர்) வைத்து, காலம்-விட்த் (column-width) என்ற பண்புக்கு 24சிஎச் (24ch, ஏறக்குறைய 24 எழுத்து அகலம்) கொடுத்துப் பாருங்கள், ஒரே வரியில் வேலை முடிந்தது.

இன்னொரு பழைய பட்டியல் டேக்கான மெனுவைக் (menu) கண்டால் மட்டும் கை வைக்குமுன் பாருங்கள். எச்டிஎம்எல் 4 அதையும் ஒதுக்கியது. ஆனால் இப்போது டூல்பார் பொத்தான்களுக்காகத் திரும்ப வந்துவிட்டது. உள்ளே வெறும் லிங்க்குகள்தான் என்றால் யுஎல், பொத்தான்கள் என்றால் இருக்கட்டும்.