குல் என்பதில் எந்தக் ககரம்?

யாங்கோனில் பிள்ளைகளுக்குச் சூறாக்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்கும் பெற்றோர், அரபியின் காஃப் (ق), கஃப் (ك) ஆகிய இரண்டு எழுத்துகளுக்கும் தமிழில் ஒரே ககரம் நிற்பதை நினைவில் கொள்ள வேண்டும். குர்ஆனின் 112ஆம் அத்தியாயமான இக்லாஸ் சூறாவின் முதற்சொல்லான 'குல்' காஃபில் தொடங்கினால்தான் 'சொல்வீராக' என்று பொருள்படும். கஃபில் தொடங்கினால் அது 'உண்பீராக' என்றாகிவிடும். அதுபோலவே 'கல்பு' காஃபில் இதயத்தையும் கஃபில் நாயையும் குறிக்கும். பர்மிய எழுத்தைத் துணைக்கு அழைத்தும் பயனில்லை, அதிலும் காஃப் கிடையாது.

காஃபுக்கு நாவின் அடிப்பகுதி மேலெழுந்து, உள்நாக்கையொட்டிய மென்மையான அண்ணத்தைத் தொட வேண்டும். கஃப் அதற்குச் சற்று முன்னால், ஏறக்குறைய நம் ககரம் பிறக்கும் இடத்திலேயே பிறக்கும். வாயை நன்றாகத் திறந்து 'அக்' என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தால், காஃப் கனத்து ஒலிப்பது காதுக்கே தெரியும்.

'அலீம்' என்பதும் இத்தகையதே: தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஐன் (ع) கொண்டு ஓதினால் 'யாவும் அறிந்தவன்' எனும் இறைப்பெயர், வெறும் அகரமாக ஓதினால் 'வேதனை மிக்கது'. பிள்ளையின் குறிப்பேட்டில் இத்தகைய சொற்களுக்கு மேலே அரபி எழுத்தையும் எழுதிவைத்து, ஓதக் கற்றுத்தரும் உஸ்தாதிடம் ஒருமுறை சொல்லிக்காட்டச் செய்யுங்கள்.