தைராய்டு மாத்திரை: டோஸை ஏற்றுவதற்கு முன்னால்

காலை ஆறரைக்கெல்லாம் எங்கள் லேப் பெஞ்சில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிற சின்ன லேப். ரத்தம் எடுப்பது என் வேலை. எனக்கும் 12 வருடமாகத் தைராய்டு குறைவு இருக்கிறது. அதனால் தைராய்டு டெஸ்ட்டுக்கு யார் வந்தாலும், கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே கேட்டுவிடுவேன்: "மாத்திரையை எப்படி சாப்பிடுறீங்கக்கா?"

போன வாரம் வந்த ஒரு பெண் மாத்திரை ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகிறது. "டிபன் முடிச்சிட்டு எல்லா மாத்திரையையும் ஒண்ணா போட்டுடுவேன், அப்பத்தான் மறக்காது" என்றார். பையைத் திறந்து காட்டினார். தைராய்டு பாட்டில், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் அட்டை. டோஸ் அதற்குள் இரண்டு முறை ஏறியிருந்தது. நான் செய்த அதே தவறு, அதே வரிசையில். அன்று ராத்திரி உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

மாத்திரையை மறக்காதீர்கள், தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன். லேபில் நான் அடிக்கடி பார்க்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எண்ணைத் தலைகீழாகப் படிப்பது

டி.எஸ்.எச். 14 என்று வந்தால் வீட்டில் போய் "எனக்குத் தைராய்டு ஜாஸ்தி" என்று சொல்கிறார்கள். அது தைராய்டு ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டை வேலை செய்யச் சொல்லி அனுப்புவது. எழுந்திருக்காத பிள்ளையை அம்மா சத்தம் போட்டுப் போட்டு எழுப்புகிற மாதிரி. தைராய்டு எவ்வளவு மந்தமோ அவ்வளவு சத்தம் ஏறும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை நார்மல் என்று வைத்திருக்கிறார்கள். லேபுக்கு லேப், வயதுக்கு வயது கொஞ்சம் மாறும். எண் கூடிவிட்டதே என்று பயந்து, மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்ட ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது முகமே வீங்கியிருந்தது.

மாத்திரை உடம்பில் சேர்கிறதா என்று பார்க்காமல் டோஸை ஏற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது பிரசவம் முடிந்து ஒரு வருடம் இருக்கும். எப்போதும் அசதி, மலச்சிக்கல், மாதவிலக்கு வந்தால் ஏழெட்டு நாள் நிற்காமல் போகும். டெஸ்ட் எடுத்தால் டி.எஸ்.எச். 18, ஹீமோகுளோபின் 8.4. லெவோதைராக்சின், அதாவது தைராக்சின் ஹார்மோன் மாத்திரை, 50 மைக்ரோகிராம் எழுதினார்கள். ரத்தம் குறைவாக இருந்ததால் கூடவே இரும்பு, அப்புறம் கால்சியம். மூன்றையும் காலையில் டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவேன். அடுத்த டெஸ்ட்டில் 11. டோஸ் 75 ஆனது. அப்புறம் 9, டோஸ் 100. அப்புறம் 7, டோஸ் 125. பத்து மாதம் இப்படியே போனது. எப்படிச் சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. லேபில் வேலை பார்க்கிற நானும் சொல்லவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். இரும்பும் கால்சியமும் குடலில் தைராக்சினோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். அதனால் இந்த இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். காபி, டீ, டிபன் எதுவானாலும் மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். கேஸுக்கு என்று நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்கிற பான்டோபிரசோல் மாதிரியான மாத்திரைகளும் இதைக் கெடுக்கும். தைராக்சின் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், அந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது.

இதில் ஒரு சுழல் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தைராய்டு குறைந்தால் உதிரப்போக்கு கூடும். உதிரம் போனால் ரத்தம் குறையும். ரத்தம் குறைந்தால் இரும்பு மாத்திரை. அந்த இரும்பே தைராக்சினைத் தடுக்கும். மறுபடி உதிரப்போக்கு. எங்கள் பக்கத்தில் ரத்தசோகை இல்லாத பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எத்தனை பேர் இந்தச் சுழலில் சுற்றிக்கொண்டிருப்பார்கள்!

ஒரு கணக்கு போட்டிருந்தாலே தெரிந்திருக்கும். சுரப்பி முழுவதுமாக வேலை செய்யாதவருக்கே ஒரு கிலோ எடைக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் தேவைப்படும். என் எடை அப்போது 58 கிலோ. அதாவது 93 மைக்ரோகிராம். எனக்கு 125 போதவில்லை என்றால் குறை டோஸில் இருக்க முடியாது, போகிற வழியில் இருக்க வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. பக்கத்துப் பார்மசியில் இருந்த அண்ணன்தான் ஒருநாள் சொன்னார்: "இரும்பு மாத்திரைய மதியத்துக்கு மாத்தும்மா." மாற்றினேன். டீயையும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். டோஸை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. இதுவரை பாதி வீணாகிக்கொண்டிருந்த 125 முழுசாக உடம்பில் இறங்க ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமே இல்லை. வேலைப் பளு என்று நினைத்தேன். டெஸ்ட்டில் டி.எஸ்.எச். 0.06. டோஸ் கூடிப்போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், பல வருடம் நீடித்தால் எலும்பும் தேயும். கடைசியில் எனக்குச் சரியாக நின்றது 75. மூன்றாவது மாதமே வந்து சேர்ந்திருக்க வேண்டிய டோஸ் அது. ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த வருடம் என் சின்னவன் நடக்கப் பழகியதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

அதனால் டாக்டர் டோஸை ஏற்றப் போகிறார் என்றால், மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு, எதற்குப் பிறகு போடுகிறீர்கள் என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். நேரத்தை மாற்றினாலும் சொல்லுங்கள், மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டெஸ்ட் எடுங்கள். நடுவில் நாட்களை விட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறவர்களின் ரிப்போர்ட்டில் டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் அளவு) நார்மலாகவும் டி.எஸ்.எச். உயரத்திலும் நிற்கும். அதைப் பார்த்து டோஸை ஏற்றினால் ஆபத்து உங்களுக்குத்தான்.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற ஒரு அக்கா எங்களிடம் வருவார். "மூணு மணிக்கே கெளம்பிடுவேன், போனதும் ஒரு டீ உள்ள போனாத்தான் கண்ணு தெறக்கும், நான் எங்க வெறும் வயித்துல போடுறது?" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். வீட்டில் முகம் கழுவியதும் மாத்திரை, ஏலம் முடிந்த பிறகு டீ என்று மாற்றிக்கொண்டார். அதுவும் முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டு ராத்திரிக்கு மாற்றலாம். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது.

இரண்டு வாரத்திலேயே மறுபடி டெஸ்ட்

தைராக்சின் மெதுவாக வேலை செய்கிற மருந்து. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். டோஸ் மாறினால் உடம்பு புது அளவில் நிலைக்க ஆறு வாரம் வேண்டும். அதற்கு முன்னால் எடுக்கிற எண்ணை வைத்து டோஸை மாற்றினால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிலைத்த பிறகு வருடத்துக்கு ஒரு முறை போதும் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

முடிக்கு என்று சாப்பிடும் மாத்திரை

தைராய்டில் முடி கொட்டும். கொட்டினால் பயோட்டின் வாங்கிச் சாப்பிடுவார்கள். சில மெஷின்களில் பயோட்டின் டெஸ்ட்டையே ஏமாற்றிவிடும். டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். உங்களுக்கு மாத்திரை ஜாஸ்தி என்று நினைத்து டோஸைக் குறைத்துவிடுவார்கள். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுப்பது

ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு டி4 கூடுதலாகக் காட்டும்.

நார்மல் வந்துவிட்டது என்று நிறுத்துவது

மாத்திரையால்தான் நார்மல்.

முட்டைக்கோஸ்

தைராய்டுக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டாம், சமைத்துச் சாப்பிடுங்கள்.

அடுப்படி அலமாரியில் பாட்டில்

சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது. கடல் காற்று அடிக்கிற வீடுகளில் மூடியைத் திறந்து வைக்காதீர்கள்.

கர்ப்பம் தெரிந்த பிறகும் பழைய டோஸிலேயே இருப்பது

முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் ஆதாரம். குழந்தையின் தைராய்டு அதற்குப் பிறகுதான் மெல்ல வேலையைத் தொடங்கும். அதனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெரும்பாலான பெண்களுக்கு டோஸ் கூட வேண்டியிருக்கும், அதுவும் முதல் சில வாரங்களிலேயே. முதல் ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டெஸ்ட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பும் கால்சியமும் கட்டாயம் சாப்பிட வேண்டும், 4 மணி நேரம் தள்ளி. பிரசவம் ஆனதும் பெரும்பாலும் பழைய டோஸுக்கு வருவார்கள், ஆறு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள்.

நேற்று வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருடம்தான், சிறுநீர் டெஸ்ட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு கோடு. கூட வந்த மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "50 சாப்பிடுறேன்க்கா, இட்லிக்கு அப்புறம்" என்றாள். பட்டையை எடுத்து அவள் கையில் கட்டினேன். மதியத்துக்குள் ரிப்போர்ட் தருகிறேன், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். மாமியார் நாளை வெள்ளிக்கிழமை, அன்றைக்குப் போகிறோமே என்றார். இன்றைக்கே போங்கம்மா என்றேன்.