தேர்தல் பேட்டிக்கு எந்த வேட்பாளரைக் கூப்பிடுவது?

கும்பகோணம் பக்கம் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் தேர்தல் பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை, போனை எடுத்த வேட்பாளர்களை மட்டும் கூப்பிட்டேன், இரண்டே பேர் வந்தார்கள். மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர், "ஏன் தம்பி, நம்ம தொகுதியில நிக்கிறது ரெண்டே பேருதானா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. யாரைக் கூப்பிடுவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம், ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு நம் கையில் எழுதி வைத்த காரணம் இருக்க வேண்டும்.

அதனால் வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் முன்பே விதியை எழுதி, நிகழ்ச்சியிலேயே வாசித்துவிடுங்கள். பெயர்கள் தெரிந்த பிறகு எழுதும் விதி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஒருவருக்காக வளைத்தது போலத்தான் தெரியும்.

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் விவாதங்களுக்கு, தேசிய கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் இருந்தால்தான் மேடை என்று 2000 முதல் பல தேர்தல்களில் அளவு வைத்திருந்தார்கள். பாபநாசத்துக்கும் நன்னிலத்துக்கும் தனித்தனியாக நம்பகமான கணிப்புக்கு எங்கே போவது? நான் வைத்திருக்கும் அளவு வேறு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் அனைவருக்கும் அழைப்பு உண்டு. போன தேர்தலில் இதே தொகுதியில் டெபாசிட்டைக் காப்பாற்றிய, அதாவது செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிய கட்சிக்கும் அழைப்பு உண்டு. வாபஸ் முடிந்து படிவம் 7ஏ-யில் இறுதிப் பட்டியல் வந்ததும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை.

சுயேச்சைகள் விஷயத்தில்தான் மண்டை காயும். பெரிய வேட்பாளரின் பெயரையே வைத்துக்கொண்டு ஓட்டைப் பிரிக்க நிறுத்தப்பட்டவரும் அந்தப் பட்டியலில் இருப்பார், பத்து வருடமாக வாய்க்கால் தூர்வாரச் சொல்லி அலைந்தவரும் இருப்பார், பட்டியலில் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். நான் எல்லாரிடமும் ஒன்று கேட்பேன்: தேர்தல் அறிவிப்புக்கு முன்னால் இந்த ஊர்ப் பிரச்சினைக்காக நீங்கள் கொடுத்த ஒரு மனுவைக் காட்டுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்ததோ, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்ததோ, எதுவானாலும் சரி. உண்மையாக உழைத்தவர் ஒரு பை நிறையக் கொண்டுவருவார். ஒரு தடவை கடைமடைப் பக்கத்து விவசாயி ஒருவர், ஆற்றில் தண்ணீர் எந்தத் தேதியில் எந்த மதகு வரை வந்தது என்று நோட்டில் எழுதியே வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டதற்காக இன்று வரை மகிழ்கிறேன், அவர் இருந்ததால் மற்றவர்களும் தேதியோடு பேச வேண்டியதாகிவிட்டது.

மனு காட்ட முடியாதவர்களையும் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ஒரே நிகழ்ச்சியில் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள், அவர்களும் டெபாசிட் கட்டித்தான் நிற்கிறார்கள்.

அழைக்கும் முன், வேட்பாளர் தன் வழக்கு, சொத்து விவரங்களை எழுதித் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிடுங்கள், தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். வழக்கு இருப்பதால் மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மறியலில் உட்கார்ந்தவர் மீதும் வழக்கு இருக்கும், மணல் கடத்தியவர் மீதும் இருக்கும், எந்தப் பிரிவு என்று பார்த்து அவரிடமே கேளுங்கள்.

தனிப் பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் நேரம் இருபது நிமிடம், யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். கேள்விகளும் பொது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள், கடைமடைக்குத் தண்ணீர் வர என்ன வழி, பயிர்க் காப்பீடு, இப்படி ஐந்து போதும்.

அழைப்பை எழுத்தில் அனுப்புங்கள், இரண்டு தேதி கொடுங்கள். அவருக்குப் பதில் ஒன்றியச் செயலாளர் வருகிறேன் என்றால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள், ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் இல்லை. வேட்பாளர் வரவில்லையென்றால் பெயர்ப்பலகையோடு நாற்காலியைப் போட்டு, எந்தெந்தத் தேதியில் அழைத்தோம் என்பதை மட்டும் சொல்லுங்கள், கேலி வேண்டாம்.

அப்புறம் பணம். "விளம்பரம் தருகிறோம், பேட்டியை ரெண்டு தடவை போடுங்க" என்பார்கள். வேண்டவே வேண்டாம். காசு வாங்கிப் போட்ட செய்தி என்று மாவட்டக் கண்காணிப்புக் குழு முடிவு செய்தால், அது வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். 2016-ல் பணப் பட்டுவாடாவுக்காகத் தஞ்சாவூர் தொகுதித் தேர்தலையே ரத்து செய்து நவம்பரில் நடத்தினார்கள். அப்படிப்பட்ட ஊரில் நம் நாற்காலியும் விலைக்குப் போகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

சமுதாய வானொலி நடத்துகிறவர்கள் இதை முயல வேண்டாம், அந்த உரிமத்தில் அரசியல் நிகழ்ச்சிக்கு அனுமதி இல்லை. டிவிக்காரர்கள் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே, மறு ஒளிபரப்பு உட்பட, எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும், அது சட்டம்.

பதிவுகளை அழிக்காதீர்கள். ஜெயித்தவரை, அடுத்த ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் நாளை ஒட்டி மறுபடி அழைத்து, அதே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.